சைபர்பங்க் 2077: வெளியீடும் இற்றைப்படுத்தல்களும் – ஒரு திறனாய்வு

சைபர்பங்க் 2077 என்பது போலந்து நாட்டைச் சேர்ந்த சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கிய வீடியோ கேம் ஆகும். இது 2020 டிசம்பர் 10ஆம் நாள் கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு வெளியானது. வெளியான ஒரு வாரத்திலேயே சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து இதை நீக்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் தொடர்ந்து மேம்படுத்தப்படும் ஆட்டங்களுக்கான விருதை இதே ஆட்டம் பெற்றது. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையில் நடந்தவை இற்றைப்படுத்தல்கள், அதாவது அப்டேட்டுகள்.

இன்றைய கன்சோல் ஆட்டத் தொழிலின் வழக்கங்களைப் புரிந்துகொள்ள இந்த ஆட்டம் நல்ல சான்று. அதன் வடிவமைப்பு, வெளியான நிலை, பின்னர் வந்த திருத்தங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. முழு விலை பெற்று விற்ற ஒரு பொருளைப் பின்னாளில் சரிசெய்து கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா என்பதே இதில் எழும் முதன்மையான கேள்வி.

திருத்த முடியாத காலம்

1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் கன்சோல் வெளிவந்தது. அக்காலத்தில் கன்சோல் ஆட்டங்கள் கார்ட்ரிட்ஜ் எனப்பட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்த நினைவகச் சில்லில் பதித்து விற்கப்பட்டன. கடைக்குப் போய்விட்ட ஆட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எனவே, பதிப்பதற்கு முன் சோதனை செய்வது தவிர்க்க முடியாத வேலையாக இருந்தது.

அதனால் அன்றைய ஆட்டங்கள் பிழையில்லாமல் இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில், 1-2 என்னும் கட்டத்தின் இறுதியில் உள்ள சுவரை ஒரு தந்திரத்தால் ஊடுருவினால், முடிவே இல்லாத நீர்க்கட்டம் ஒன்றுக்குள் சிக்கிக்கொள்ளலாம். அது உருவாக்கியவர்கள் எண்ணிச் செய்ததன்று. 1998இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ ஆட்டத்தின் பிந்தைய அச்சுகளில் சில பிழைகள் நீக்கப்பட்டன. முதல் அச்சை வாங்கியவர்களிடம் பழைய பிழைகள் அப்படியே இருந்தன.

அவசரமும் அன்றே இருந்தது. 1982இல் அட்டாரி 2600 கன்சோலுக்கு வந்த ‘ஈ.டி.’ ஆட்டம், கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்து ஏறத்தாழ ஐந்து வாரங்களில் உருவாக்கப்பட்டது. விற்காமல் தேங்கிய கார்ட்ரிட்ஜ்கள் 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014இல் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். அன்று ஓர் ஆட்டம் மோசமாக வந்துவிட்டால், அதற்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. இழப்பு வாங்கியவரை மட்டுமன்றி விற்றவரையும் சேர்த்தே அடித்தது.

2001இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், வன்தட்டுடனும் இணைய இணைப்பு வசதியுடனும் வந்தது. 2002இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை தொடங்கியது. அடுத்த தலைமுறைக் கன்சோல்களில் ஆட்டங்களை இணையம் வழியே திருத்துவது பொது வழக்கமாயிற்று. இது உண்மையில் நல்ல வசதி. அச்சிட்ட நூலின் கடைசிப் பக்கத்தில் பிழைத்திருத்தப் பட்டியல் ஒட்டுவதைப் போன்றது இது. பட்டியல் ஒட்டலாம் என்ற துணிவில் மெய்ப்புப் பார்ப்பதையே சுருக்கிக்கொண்டால்தான் கேடு. கன்சோல் ஆட்டத் தொழிலில் பல இடங்களில் அதுதான் நடந்தது.

ஆட்டத்தின் வடிவமைப்பு

மைக் பாண்ட்ஸ்மித் உருவாக்கி 1988இல் வெளிவந்த ‘சைபர்பங்க்’ என்னும் மேசைமீது ஆடும் கதாபாத்திர ஆட்டமே இதன் மூலம். கதை நடக்கும் இடம் கலிஃபோர்னியாவில் உள்ள நைட் சிட்டி என்னும் கற்பனை நகரம். அங்கே ஆட்சி பெருநிறுவனங்களின் கையில் இருக்கிறது. மக்கள் தங்கள் கண், கை, நரம்பு ஆகியவற்றுக்குப் பதிலாக இயந்திரப் பாகங்களைப் பொருத்திக்கொள்கிறார்கள். விளையாடுபவர் ‘வி’ என்னும் கூலிப்படை ஆளாக இந்நகரத்தில் உலவுகிறார்.

ஒரு திருட்டு முயற்சி தவறிப்போக, வியின் மூளையோடு ஒரு சில்லு பிணைந்துவிடுகிறது. அதில் இருப்பது ஜானி சில்வர்ஹேண்ட் என்னும் இறந்துபோன ராக் இசைக் கலைஞரின் ஆளுமை. நடிகர் கியானு ரீவ்ஸ் இப்பாத்திரத்துக்குக் குரலும் உருவமும் தந்துள்ளார். அந்த ஆளுமை வியின் நினைவைச் சிறிது சிறிதாக அழித்து, உடலைத் தனதாக்கிக்கொண்டு வருகிறது. இறப்பு நெருங்குகிறது என்று தெரிந்த ஒருவர், மிஞ்சிய நாள்களை யாரோடு, எதற்காகச் செலவிடுகிறார் என்பதே ஆட்டத்தின் உள்ளீடு.

இக்கதையைச் சொல்லும் முறையே இந்த ஆட்டத்தின் முதல் பலம். பெரும்பாலான ஆட்டங்களில் உரையாடல் வந்ததும் திரைப்படத்தைப் போலக் காட்சி வெட்டப்படும். இங்கே விளையாடுபவரின் பார்வைக் கோணம் மாறுவதில்லை. எதிரே இருப்பவர் எழுந்து நடக்கிறார், சுவரில் சாய்கிறார், சிகரெட் பற்ற வைக்கிறார். கேட்பவர் அவரைப் பார்க்கலாம், பார்க்காமல் சன்னலுக்கு வெளியேயும் நோக்கலாம். ஜூடி, பானம், ரிவர் ஆகியோரின் கிளைக்கதைகள் முதன்மைக் கதைக்குச் சற்றும் குறையாத அக்கறையுடன் எழுதப்பட்டுள்ளன. நகரமும் அவ்வாறே. வாட்சன் பகுதியின் நெரிசலும் பசிஃபிகாவின் பாழடைந்த கட்டடங்களும் ஒன்றுக்கொன்று வேறான வாழ்க்கைகளைக் காட்டுகின்றன.

குறைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒன்று நிரலில் உள்ள பிழை. மற்றொன்று வடிவமைப்பில் உள்ள மெலிவு. பாத்திரங்கள் கைகளை விரித்தபடி உறைந்து நிற்பதும், வண்டிகள் தரைக்குள் புதைவதும், ஆட்டம் திடீரென நின்றுபோவதும் முதல் வகை. இவற்றை யாரும் கண்டவுடன் அறியலாம், நகைக்கலாம், காணொளியாகப் பகிரலாம். இரண்டாம் வகை அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது. வெளியான நிலையில், குற்றம் செய்த அடுத்த நொடியே காவலர்கள் வியின் முதுகுக்குப் பின்னால் வெறுவெளியில் தோன்றினார்கள். வண்டியில் ஏறிச் சற்றுத் தூரம் போனால் துரத்துவாரில்லை. திறன்களை வளர்க்கும் பகுதி, தாக்குதல் வலிமையைச் சில விழுக்காடு கூட்டும் சிறு சலுகைகளால் நிரம்பியிருந்தது. தெருவில் போவோருக்குப் போக்கிடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

எல்லாவற்றினும் பெரிய மெலிவு, தொடக்கத்தில் தரப்படும் வாழ்க்கைப் பின்னணித் தேர்வு. நாடோடி, தெருப்பிள்ளை, நிறுவன ஊழியர் என மூன்றில் ஒன்றை விளையாடுபவர் தேர்கிறார். மூன்றுக்கும் தனித்தனி முன்கதை உண்டு. ஆனால் அது சிறிது நேரத்திலேயே முடிந்து, மூன்று பாதைகளும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு எஞ்சுவது சில உரையாடல் வரிகள் மட்டுமே. தேர்வுகளுக்கு விளைவு உண்டு என்று விளம்பரம் செய்யப்பட்ட ஆட்டத்தில், முதல் தேர்வே பெரும்பாலும் விளைவின்றிப் போகிறது.

வெளியீடும் அதன் சீர்கேடும்

ஆட்டம் 2012இல் அறிவிக்கப்பட்டது. முதல் முன்னோட்டம் 2013 ஜனவரியில் வந்தது. 2015இல் இதே நிறுவனத்தின் ‘தி விட்சர் 3’ பெற்ற பாராட்டு, அடுத்த ஆட்டத்தின் மீதான எதிர்பார்ப்பை மிகவும் உயர்த்தியிருந்தது. 2019 ஜூனில் நடந்த இ3 கண்காட்சியில் கியானு ரீவ்ஸ் மேடையேறி, 2020 ஏப்ரல் 16 என்று வெளியீட்டு நாளை அறிவித்தார். அந்த நாள் முதலில் செப்டம்பர் 17க்கும், பின்னர் நவம்பர் 19க்கும், கடைசியாக டிசம்பர் 10க்கும் தள்ளிப்போனது. முன்பதிவு செய்தோர் எண்ணிக்கை 80 லட்சம்.

வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது. அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளை வெளியிடவும் அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் ஆட்டம் எப்படி ஓடும் என்று வாங்குவோர் எவரும் பார்க்கவில்லை. வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, அக்கன்சோல்களிலும் ஆட்டம் நன்றாகவே ஓடுவதாக நிறுவனத்தின் தலைமை கூறியிருந்தது.

வெளியான நாளில் உண்மை தெரிந்தது. 2013இல் வந்த பழைய கன்சோல்களில் படம் மங்கலாக இருந்தது, அசைவு தடைப்பட்டது, ஆட்டம் அடிக்கடி நின்றுபோனது. மெட்டாகிரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்பின் சராசரி மதிப்பெண் 80க்கு மேல் இருக்க, பிளேஸ்டேஷன் 4 பதிப்பின் மதிப்பெண் 60க்கும் கீழே நின்றது. இரண்டும் ஒரே பெயரில், ஒரே நாளில் விற்கப்பட்ட பொருள்கள்.

கணினிப் பதிப்பிலும் ஒரு கடுமையான பிழை இருந்தது. விளையாட்டு முன்னேற்றத்தைச் சேமிக்கும் கோப்பு 8 மெகாபைட்டைத் தாண்டினால் கெட்டுவிடும். பல பத்து மணிநேர உழைப்பு அழியும். பொருள்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே முதலில் தரப்பட்ட ஆலோசனை. இதைவிட ஆபத்தான குறை, வலிப்பு நோயைத் தூண்டக்கூடிய ஒளிச்சிமிட்டல் காட்சி. ஓர் இதழாளருக்கு விளையாடும்போதே வலிப்பு ஏற்பட்டது. அவர் அதைப் பொதுவெளியில் எழுதி எச்சரித்தார். அக்காட்சி சில நாள்களில் இற்றைப்படுத்தல் மூலம் மாற்றப்பட்டது. கார்ட்ரிட்ஜ் காலமாக இருந்திருந்தால் அந்த ஆபத்து விற்ற ஒவ்வொரு படியிலும் அப்படியே இருந்திருக்கும். இற்றைப்படுத்தல் என்னும் வசதியை முற்றாகப் பழிப்போர் இந்த எடுத்துக்காட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

சோனி தன் கடையிலிருந்து ஆட்டத்தை நீக்கியதோடு, வாங்கியவர்களுக்குப் பணத்தையும் திருப்பித் தந்தது. ஆட்டம் அக்கடைக்குத் திரும்பியது 2021 ஜூன் 21 அன்றுதான். 2021 ஜனவரியில் நிறுவனர்களுள் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி காணொளி வழியே மன்னிப்புக் கேட்டார். பொறுப்பு ஊழியர்களுடையதன்று, தலைமையுடையது என்று அவர் ஏற்றுக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் விளையாடியோர் கண்ட சிக்கல்களில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் வெளிப்படவில்லை என்ற விளக்கம் நம்பும்படியாக இல்லை. ஆட்டத்தைத் தொடங்கிய முதல் மணிநேரத்திலேயே பலர் கண்ட குறை, சோதித்தவர்கள் கண்ணில் மட்டும் படாமல் போனது எப்படி என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இற்றைப்படுத்தல்கள்

2021 ஜனவரியில் 1.1, மார்ச்சில் 1.2 என இற்றைப்படுத்தல்கள் வந்தன. இவை பெரும்பாலும் முதல் வகைப் பிழைகளை நீக்கின. 2022 பிப்ரவரியில் வந்த 1.5, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கான தனிப் பதிப்பைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்’ என்னும் அனிமே தொடரும், அதையொட்டிய 1.6 இற்றைப்படுத்தலும் புதியவர்கள் பலரை ஆட்டத்துக்குள் அழைத்து வந்தன.

2023 செப்டம்பர் 21 அன்று வந்த 2.0 வெறும் பிழைத்திருத்தம் அன்று. மறு ஆக்கம் என்றே சொல்லலாம். திறன் வளர்ச்சி முறை முழுதும் மாற்றி எழுதப்பட்டது. காவலர்கள் வண்டியில் துரத்தி வந்தார்கள். உடலில் பொருத்தும் இயந்திரப் பாகங்களே கவசமாயின. எனவே விளையாடுபவர் வலிமையைக் கருதாமல் விருப்பப்படி உடை அணியலாம். ஐந்து நாள் கழித்து ‘ஃபாண்டம் லிபர்ட்டி’ என்னும் விரிவாக்கப் பகுதி தனி விலையில் வந்தது. ஒற்றர்களின் உலகில், யாரை நம்புவது என்ற இக்கட்டில் விளையாடுபவரை நிறுத்தும் அக்கதை, மூல ஆட்டத்தைக் காட்டிலும் செறிவானது. டிசம்பரில் வந்த 2.1 நகரத்தின் மெட்ரோ ரயிலில் பயணம் செய்ய வழி செய்தது. 2024 இறுதிக்குள் விற்பனை 3 கோடிப் படிகளைத் தாண்டியது.

இந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. காவலர் முறை, திறன் முறை போன்ற வடிவமைப்பு மெலிவுகளைக்கூட ஒரு குழு மூன்றாண்டுகள் இருந்து சரிசெய்தது. ஆயினும் அடித்தளத்தில் உள்ளவை மாறவில்லை. வாழ்க்கைப் பின்னணித் தேர்வு இன்றும் அதே சிறு முன்கதைதான். மேல்மாடியை மாற்றிக் கட்டலாம். அஸ்திவாரத்தை வீட்டுக்குள் குடியிருந்துகொண்டே மாற்ற முடியாது.

திருத்தம் யாருக்குக் கிடைத்தது

பாராட்டுகளுக்கு நடுவே அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. 2.0 இற்றைப்படுத்தலும் விரிவாக்கப் பகுதியும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களுக்கு வரவில்லை. அவற்றுக்கான பெரிய இற்றைப்படுத்தல்கள் 1.6 உடன் முடிந்தன. அதாவது, வெளியீட்டு நாளில் மிக மோசமான நிலையில் ஆட்டத்தைப் பெற்றவர்கள் யாரோ, அவர்களுக்கே இறுதித் திருத்தம் கிடைக்கவில்லை.

பழைய கன்சோலில் வாங்கியவர்கள் புதிய கன்சோல் பதிப்பைக் கூடுதல் கட்டணமின்றிப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குப் புதிய கன்சோல் வேண்டும். ஆட்டத்தின் விலையைப் போலப் பல மடங்கு செலவு செய்தால்தான், ஏற்கனவே பணம் கொடுத்த பொருள் சரியான நிலையில் கைக்கு வரும் என்றால், அதை இலவசத் திருத்தம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? பழைய கன்சோலின் வலிமை போதவில்லை என்பது நேர்மையான தொழில்நுட்பக் காரணமே. அந்தக் காரணம் 2020இலும் இருந்தது. அன்று அதைச் சொல்லாமல் விற்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

2020இல் அச்சிட்ட வட்டில் பதிந்திருப்பது அன்றைய நிலைதான். இணைய வசதி இல்லாதவர் அந்த வட்டை இன்று கன்சோலில் இட்டால், கிடைப்பது விருது பெற்ற ஆட்டமன்று. கடையிலிருந்து நீக்கப்பட்ட ஆட்டம். வரம்பில்லாத அதிவேக இணையம் எல்லா வீட்டிலும் இருப்பதாக எண்ணிக்கொண்டு வகுக்கப்படும் தொழில் வழக்கம், அது இல்லாதவரை இரண்டாம் தர வாடிக்கையாளராக்குகிறது.

இந்தக் கணக்கில் சேர வேண்டிய இன்னொரு தரப்பினர் ஊழியர்கள். கட்டாயக் கூடுதல் வேலையைத் தவிர்ப்பதாக 2019இல் நிறுவனம் கூறியிருந்தது. 2020 செப்டம்பரில், வெளியீட்டை நெருங்கிய நிலையில், வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று அறிவித்தது. அந்த வேலைக்கு ஊதியம் தரப்பட்டது, சொல் காக்கப்படவில்லை. முதலீட்டாளர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 18.5 லட்சம் டாலர் அளவில் சமரசம் பெற்றார்கள். பங்கு வாங்கியவருக்கு வழக்குமன்றம் இருந்தது. விளையாட வாங்கியவருக்குக் கடைக்காரர் பணம் திருப்பித் தந்தார். விடுமுறை நாளை இழந்த ஊழியருக்கு அதைத் திருப்பித் தர வழி இல்லை.

பிற ஆட்டங்களுடன் ஒப்பீடு

இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’ இதற்கு முந்தைய பெரிய எடுத்துக்காட்டு. கணித விதிகளால் எண்ணிலடங்காக் கோள்களை உருவாக்கிக் காட்டிய அந்த ஆட்டம், அறிவிப்புகளில் சொல்லப்பட்ட பல கூறுகள் இல்லாமல் வந்தது. ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்று நம்பிய இருவர், ஒரே கோளின் ஒரே இடத்தில் நின்றும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. நிறுவனம் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையில் இறங்கியது. 2016 நவம்பர் முதல் தொடர்ந்து இற்றைப்படுத்தல்கள் வந்தன. 2018 ஜூலையில் வந்த ‘நெக்ஸ்ட்’ பலர் சேர்ந்து விளையாடும் வசதியை முறையாகத் தந்தது. விரிவாக்கங்கள் எதற்கும் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

இவ்விரண்டு வெற்றிகளும் தொழிலுக்கு ஒரு தவறான பாடத்தையும் கற்பித்தன. முதலில் வெளியிடு, பிறகு சரிசெய் என்பதே அது. இந்தப் பாடம் எல்லோருக்கும் பலிப்பதில்லை. பயோவேர் நிறுவனத்தின் ‘ஆந்தம்’ 2019 பிப்ரவரியில் குறைகளுடன் வந்தது. அதை மறு ஆக்கம் செய்யும் திட்டம் 2021 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. சோனியின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. வாங்கியோருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அதை உருவாக்கிய குழு அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. மீண்டு எழுந்த ஆட்டங்களைப் பற்றியே அதிகம் பேசுவதால், மீளாதவை கணக்கில் வருவதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. யுபிசாஃப்டின் ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய ஆட்டம் 2014இல் வெளிவந்தது. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் வழங்கியோடு இணைந்திருந்தால்தான் அது இயங்கும். 2024 மார்ச் 31 அன்று வழங்கிகள் நிறுத்தப்பட்டன. வட்டு கையில் இருந்தாலும் ஆட முடியாமல் போயிற்று. இதையடுத்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய ஒன்றியக் கோரிக்கை மனுவுக்கு 2025இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். டிஜிட்டல் கடைகள் விற்பது உரிமமே, உடைமை அன்று என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இற்றைப்படுத்தலால் ஆட்டத்தைக் கூட்டவும் முடியும், முற்றிலும் எடுத்துவிடவும் முடியும் என்பதை ‘தி க்ரூ’ காட்டியது.

நிறுவனத் தரப்பு வாதம்

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1985இன் ஆட்டத்தைச் சில பேர் சேர்ந்து முழுதும் சோதிக்கலாம். நைட் சிட்டி போன்ற பரந்த நகரத்தில் இலட்சக்கணக்கானோர் நுழைந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் போகும்போது வெளிப்படும் பிழைகளை எந்தச் சோதனைக் குழுவும் முன்கூட்டி அறிய இயலாது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலம். ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். நாளை மேலும் தள்ளியிருந்தால், முதலீட்டாளர்களின் நெருக்கடி ஒருபுறம், காத்திருந்த ஆட்டக்காரர்களின் கோபம் மறுபுறம். நாள் தள்ளிப்போன போதெல்லாம் ஊழியர்களை இணையத்தில் வசைபாடியவர்களும் ஆட்டக்காரர்களுள் சிலரே என்பதை மறைக்கக் கூடாது.

இவை, ஆட்டத்தில் பிழை இருந்தது ஏன் என்பதற்கு விடையாகும். பிழை இருப்பது வாங்குவோரிடம் ஏன் மறைக்கப்பட்டது என்பதற்கு விடையாகாது. பழைய கன்சோல் காட்சிகளை வெளியீட்டுக்கு முன் காட்டியிருந்தால் முன்பதிவு செய்த பலர் விலகியிருப்பார்கள். சிலர் தெரிந்தே வாங்கியிருப்பார்கள். எப்படியாயினும் முடிவு அவர்களுடையதாக இருந்திருக்கும்.

திறனாய்வாளர் முன் உள்ள சிக்கல்

மாறிக்கொண்டே இருக்கும் படைப்பை எந்த நிலையில் வைத்து மதிப்பிடுவது? ஒரு நூலின் முதல் பதிப்பு நூலகத்தில் இருக்கும்; பின்னர் வந்த பதிப்போடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணலாம். கன்சோல் ஆட்டத்தில் புதிய நிலை பழைய நிலையின்மேல் எழுதப்பட்டுவிடுகிறது. 2020 டிசம்பரில் எழுதிய விமர்சனம் இன்றைய ஆட்டத்துக்குப் பொருந்தாது. இன்று எழுதும் பாராட்டு அன்று வாங்கியவரின் அனுபவத்தைச் சொல்லாது.

எனவே திறனாய்வாளர் இரண்டு மதிப்பீடுகளையும் தனித்தனியே வைக்க வேண்டும். படைப்பு என்ற வகையில் இன்றைய ஆட்டத்தை மதிப்பிடலாம். விற்பனை என்ற வகையில், விற்ற நாளில் இருந்த பொருளையே மதிப்பிட வேண்டும். எந்தக் கன்சோலில், எந்தப் பதிப்பில் ஆடப்பட்டது என்று குறிப்பிடாத விமர்சனத்தைப் படிப்பவர் எச்சரிக்கையோடு அணுகுவது நல்லது.

மதிப்பீடு

படைப்பாகப் பார்த்தால், இன்றைய சைபர்பங்க் 2077 சிறந்த ஆட்டம். இறப்பை எதிர்நோக்கும் ஒருவரின் கதையை, விளையாடுபவரின் கண்வழியே இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன பெரிய ஆட்டங்கள் குறைவு. தேர்வுகளின் விளைவு மெலிந்திருப்பது அதன் நீங்காத குறை.

விற்பனையாகப் பார்த்தால், கணக்கு இன்னும் நேராகவில்லை. மக்களின் உடலிலேயே தங்கள் பொருளைப் பொருத்தி, அதன் குறையை மறைத்து விற்கும் பெருநிறுவனங்களைப் பற்றிய கதை இது. அக்கதையைச் சொன்ன நிறுவனம், தன் பொருளின் குறையைச் சொல்லாமலே விற்றது. பின்வந்த திருத்தங்கள் அந்நிறுவனத்தின் பெயரை மீட்டன. பிளேஸ்டேஷன் 4 கன்சோலில் முதல் நாள் வாங்கியவரின் கையில் உள்ள ஆட்டத்தை முழுமையாக மீட்கவில்லை.

வாங்குவோர் செய்யக்கூடியவை சில உண்டு. தம்மிடம் உள்ள கன்சோலில் எடுத்த காட்சிகளைப் பார்க்கும்வரை பணம் கட்டாதிருக்கலாம். இணைய இணைப்பின்றி ஆட்டம் ஓடுமா, வட்டில் முழு ஆட்டமும் உள்ளதா என்று கேட்டு அறியலாம். முன்பதிவுக்குத் தரும் சிறு பரிசுப் பொருள்களைப் பெரிதாகக் கருதாதிருக்கலாம். டிஜிட்டல் பதிப்பு விற்றுத் தீரும் பொருளன்று. வெளியீட்டு நாளுக்கு ஒரு வாரம் கழித்து வாங்குபவருக்கும் அதே ஆட்டம் கிடைக்கும், பெரும்பாலும் பிழை குறைந்த நிலையில்.